நடப்பவன் குற்றவாளியா?

அமெரிக்கா தேசத்தில் நியூயார்க் பட்டணத்தில் 1958-ம் வருஷம் முதல் ஒரு விதி இருந்து வந்தது. அதாவது, வீதியைக் கடக்கின்ற எவரும் அதற்கென்று கோடு போட்ட இடத்தில்தான் கடக்க வேண்டும். விளக்கு அனுமதி கொடுத்தால்தான் கடக்க வேண்டும். தவறினால் 250 டாலர் வரையில் அபராதம் என்பதாகும். இந்த விதியை எடுத்தெறிந்து 2024-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் அந்நகரசபை ஒரு மசோதா நிறைவேற்றிற்று. மேயரோ அதில் கையெழுத்தும் போடவில்லை, வேண்டாமென்று திருப்பியும் அனுப்பவில்லை. 30 நாள் கழிந்தவுடன் அக்டோபரில் அது தானாகவே சட்டமாயிற்று. 2025 பிப்ரவரியில் அமுலுக்கும் வந்துவிட்டது.

எங்கேயோ கிடக்கும் நியூயார்க்கில் எவனோ ரோட்டைக் கடப்பதைப்பற்றி நமக்கென்ன கவலை என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயம்தான். ஆனால் அந்த விதி ஏன் எடுக்கப்பட்டது என்ற காரணத்தைக் கேட்டால், இது நமக்கு நன்றாய்ப் பழகிப்போன கதை என்பது விளங்கிவிடும்.

நியூயார்க்கில் கோடு இல்லாத இடத்தில் வீதியைக் கடக்காத மனிதன் கிடையாது. லட்சாதிபதியும் கடக்கின்றான், அவன் வீட்டில் தட்டுக் கழுவுகின்றவனும் கடக்கின்றான். போலீஸ்காரன் கண்ணெதிரில் கடப்பதையே அவ்வூரார் ஒரு பெருமையாகக் கொண்டிருந்தார்கள். அப்படியானால் அபராதச் சீட்டு யாருக்குக் கிடைத்திருக்க வேண்டும்? எல்லோருக்கும் அல்லவா? 2023-ம் வருஷத்தில் கொடுக்கப்பட்ட சீட்டுகளில் 100-க்கு 90-க்கு மேல் கறுப்பர்களுக்கும், லத்தீன் மக்களுக்குமே போயிருக்கின்றன. சட்டப் புஸ்தகத்தில் நிறம் எழுதப்படவில்லை. ரசீதுப் புஸ்தகத்தில் மாத்திரம் எழுதப்பட்டிருந்தது! இந்த மசோதாவைக் கொண்டுவந்தவர், ஹைட்டி தேசத்தில் பிறந்து, அமெரிக்காவில் தாதியாக வேலை பார்த்து, பின்பு நகரசபைக்கு வந்த மெர்சிடிஸ் நார்சிஸ் என்னும் கறுப்பு அம்மையார். பட்டவருக்குத்தானே வலி தெரியும்.

இந்தக் குற்றத்திற்கு அங்கே என்ன பெயர் தெரியுமா? 'ஜேவாக்கிங்' என்பது. 'ஜே' என்றால் அந்தக் காலத்து அமெரிக்கப் பேச்சு வழக்கில் பட்டிக்காட்டான், விவரம் தெரியாதவன், காட்டான் என்று அர்த்தம். ஆகவே 'ஜேவாக்கிங்' என்றால் பட்டிக்காட்டான் நடை. அதாவது வீதியில் கால் வைத்து நடந்தவனுக்கு முதலில் ஒரு வசைப்பெயர் சூட்டி, அந்த வசைப்பெயரையே பின்னால் சட்டத்தின் பெயராகவும் ஆக்கிவிட்டார்கள். ஒருவனை இழிவு செய்ய வேண்டுமானால் முதலில் அவனுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் என்பது நம் நாட்டு மனுவாதிகளுக்கு மாத்திரம் தெரிந்த வித்தை என்று நாம் நினைத்திருந்தோம். மோட்டார் வியாபாரிகளுக்கும் தெரிந்திருக்கிறது.

அந்தச் சரித்திரத்தைச் சற்று விரித்துச் சொல்வது அவசியம்.

மோட்டார் வருமுன் வீதி என்பது யாருடையது? எல்லோருடையதும்தான். பிள்ளைகள் அதில் விளையாடின. தள்ளுவண்டிக்காரன் கூவி விற்றான். கிழவிகள் நின்று பேசினார்கள். வண்டி வந்தால் வண்டிக்காரன்தான் பார்த்துப் போனான். 1899-ம் வருஷம் செப்டம்பர் 13-ந் தேதி ஹென்றி பிளிஸ் என்பவர் நியூயார்க்கில் டிராம் வண்டியிலிருந்து கீழே காலை வைத்தார். மின்சாரத்தால் ஓடும் வாடகை வண்டி ஒன்று மோதி மறுநாள் மாண்டார். அமெரிக்காவில் மோட்டார் மோதிச் செத்த முதல் மனிதர் என்று அவர் பெயரைப் பதித்து, 1999-ல் அந்த இடத்தில் ஒரு பலகையும் வைத்தார்கள். அவருக்குப் பின்னால் செத்தவர்களுக்கெல்லாம் பலகை வைப்பதென்றால் நியூயார்க்கில் பலகை வைக்க இடம் போதாது.

1920-ம் வருஷத்திற்குப் பிறகு மோட்டார்கள் பெருகப் பெருகச் சாவும் பெருகிற்று. செத்தவர்களில் பெரும்பாலோர் நடந்து போனவர்கள். அதிலும் வீதியில் விளையாடிய பிள்ளைகள். ஜனங்கள் அப்போது என்ன சொன்னார்கள் என்பதுதான் கவனிக்கத்தக்கது. பிள்ளையை அடக்கி வையுங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. மோட்டாரை அடக்கு என்றார்கள். 1922-ல் நியூயார்க்கில், விபத்தில் மாண்ட பிள்ளைகளின் நினைவாகப் பிள்ளைகளே ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போனார்கள். 1923-ல் சின்சினாட்டி என்னும் ஊரில் 42,000 பேர் கையெழுத்துப் போட்டு ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள். மணிக்கு 25 மைலுக்கு மேல் ஓடாதபடி ஒவ்வொரு மோட்டாரிலும் ஒரு தடைக் கருவியைப் பூட்ட வேண்டும் என்பதே அவ்விண்ணப்பம்.

மோட்டார் விற்கிறவர்களுக்குக் குலை நடுங்கிவிட்டது. வேகம் இல்லாவிட்டால் எவன் வாங்குவான்? பணத்தைக் கொட்டிப் பிரசாரம் செய்து அந்த விண்ணப்பத்தை ஓட்டெடுப்பில் தோற்கடித்தார்கள். அதோடு விட்டார்களா? இப்படியே போனால் தங்கள் தொழிலுக்கு ஆபத்து என்று கண்டுகொண்டு, குற்றத்தையே ஓட்டுகிறவன் தலையிலிருந்து நடக்கிறவன் தலைக்கு மாற்றும் காரியத்தில் இறங்கினார்கள். பத்திரிகைகளுக்கு இலவச உதவி செய்கிறோம் என்று ஒரு ஏற்பாடு செய்தார்கள். விபத்து நடந்தால் நிருபர் அதன் குறிப்பை அனுப்ப வேண்டியது. மோட்டார் வியாபாரிகளின் சங்கம் அதை வியாசமாக எழுதித் திருப்பி அனுப்பும். அவ்வியாசத்தில் குற்றவாளி யார்? பெரும்பாலும் நடந்து போனவன்தான். திருடனே தீர்ப்பையும் எழுதிக் கொடுத்தால் திருட்டுக் கொடுத்தவன்தானே ஜெயிலுக்குப் போக வேண்டும்?

1924-ல் நியூயார்க்கில் நடந்த ஒரு பாதுகாப்புப் பிரசாரத்தில், ஒரு கோமாளிக்கு வேஷம் போட்டு, மெதுவாக ஓடும் ஒரு மோட்டாருக்கு முன்னால் நடக்கவிட்டு, அந்த மோட்டார் அவனைத் திரும்பத் திரும்ப இடித்துக்கொண்டே போகும்படி செய்தார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். இரண்டு வருஷத்திற்கு முன் இதே ஊரில் மாண்ட பிள்ளைகளுக்காக அழுதவர்கள், இப்போது இடிபடுகிறவனைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொண்டார்கள். இந்த விவரங்களையெல்லாம் பீட்டர் நார்ட்டன் என்னும் சரித்திர ஆசிரியர் ஆராய்ந்து 2008-ல் ஒரு புஸ்தகமாக வெளியிட்டிருக்கிறார். அதன் சாரம், வீதியின் உடைமை மாறியதற்குக் காரணம் மோட்டாரின் வேகம் மட்டுமல்ல, நடக்கின்றவன் தன் நடையைப்பற்றித் தானே வெட்கப்படும்படி செய்யப்பட்டதும் ஆகும் என்பதே.

இந்த இடத்தில் நமக்கு வைக்கம் ஞாபகம் வராமல் போகாது. 1924-ல் அமெரிக்காவில் கோமாளியை இடித்துக்கொண்டிருந்த அதே வருஷத்தில்தான், திருவாங்கூர் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய வீதிகளில் ஈழவரும் புலையரும் கால் வைக்கக்கூடாது என்ற தடையை எதிர்த்து சத்தியாக்கிரகம் நடந்தது. ஈ.வெ.ரா. இரண்டு முறை சிறை சென்றதும் அதற்காகவே. அங்கே தடுத்தது ஜாதி; இங்கே தடுத்தது மோட்டார் முதலாளியின் லாபம். இரண்டும் ஒன்றென்று நாம் சொல்ல வரவில்லை. ஒன்று மனிதனை மனிதனே அல்ல என்றது. மற்றொன்று மனிதனை ஓரமாய்ப் போ என்றது. ஆனால் பொது வீதியில் நடக்க யோக்கியதை உள்ளவன் யார் என்று, நடக்கத் தேவையில்லாதவனே உட்கார்ந்து தீர்மானித்தான் என்பதில் இரண்டிற்கும் வித்தியாசம் காணோம்.

நிற்க, நியூயார்க்கைப்பற்றி ஒரு வேடிக்கையான விஷயத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அந்நகரத்தில் வீதி முனைகளில் கம்பங்களில் பொத்தான்கள் வைத்திருந்தார்கள். கடக்க விரும்புகிறவன் பொத்தானை அமுக்கிவிட்டு நிற்க வேண்டும். நடக்கலாம் என்ற விளக்கு எரியும். ஜனங்களும் பல வருஷங்களாக அமுக்கிக்கொண்டே இருந்தார்கள். அவசரக்காரர்கள் நாலு தடவை, ஐந்து தடவை அமுக்கினார்கள். 2004-ல் ஒரு பத்திரிகை விசாரித்து வெளியிட்ட சங்கதி என்னவென்றால், மொத்தம் இருந்த சுமார் 3,250 பொத்தான்களில் 2,500-க்கு மேற்பட்டவை எந்த வேலையும் செய்யாதவை என்பதே! விளக்குகள் கம்ப்யூட்டரால் நேரக் கணக்குப்படி மாற ஆரம்பித்து வெகுகாலம் ஆகிவிட்டது. பொத்தானுக்கும் விளக்குக்கும் சம்பந்தமே இல்லை. கழற்றுவதற்குச் செலவாகும் என்று அப்படியே விட்டுவைத்திருந்தார்கள்.

நாம் இதைப் படித்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. அமுக்கினான், நின்றான், விளக்கு எரிந்தது. ஆகவே தான் அமுக்கியதால்தான் எரிந்தது என்று நம்பினான். அமுக்காமல் நின்றிருந்தாலும் அது எரிந்திருக்கும் என்பதை ஒருநாளாவது சோதித்துப் பார்த்தானா? பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் பரீட்சை பாஸானவனும், கழுதைக்குக் கல்யாணம் செய்துவிட்டு மழையைக் கண்டவனும் இவனுக்குச் சகோதரர்கள் அல்லவா? படித்தவர்கள் மலிந்த நியூயார்க்கிலேயே 2,500 கம்பங்களில் இந்தப் பூஜை நடந்திருக்கிறதென்றால் நம்மூர் ஆட்களை மாத்திரம் நாம் கோபித்துக்கொள்வது நியாயமில்லைதான்.

சரி, பொத்தானை நம்பாமல் புத்தியை நம்பியபோது அந்நகரத்தில் என்ன நடந்தது என்பதைப் பார்ப்போம்.

நியூயார்க் சாதாரண ஊரல்ல. 2019-ம் வருஷத்தில் மாத்திரம் ஆறரைக் கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் அதைச் சுற்றிப் பார்க்க வந்து போனார்கள். அவர்களில் எத்தனையோ பேருக்கு இங்கிலீஷ் தெரியாது. 1952 முதல் அங்கே விளக்குகளில் 'நட', 'நடக்காதே' என்று இங்கிலீஷ் எழுத்தில்தான் எரிந்துகொண்டிருந்தது. 2004 வாக்கில் அவற்றையெல்லாம் எடுத்துவிட்டு, நடக்கும் மனித உருவத்தையும் உயர்த்திய கையையும் போட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் இது விளங்கும். சின்னக் காரியந்தான், ஆனாலும் எழுத்துத் தெரிந்தவனுக்கு மாத்திரமே உயிர் உண்டு என்று எண்ணாதவன்தான் இதைச் செய்ய முடியும்.

2010-ல் நகர சர்க்கார், 7,000-க்கு மேற்பட்ட விபத்துக்களை எடுத்து ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. எமன் யாரைக் கூப்பிட்டான் என்று ஆராயவில்லை. எந்த முனையில், எந்தப் பக்கம் திரும்புகையில், எப்படி என்று ஆராய்ந்தார்கள். அதில் கண்ட ஒரு உண்மை, இடதுபக்கம் திரும்பும் வண்டியால் அடிபடுவோர், வலதுபக்கம் திரும்பும் வண்டியால் அடிபடுவோரைப்போல் மூன்று பங்கு என்பது. அங்கே வண்டிகள் வலதுபக்கமாய் ஓடுவதால் இடதுபக்கம் திரும்புவது நம்மூரில் வலதுபக்கம் திரும்புவது போலாகும். எதிரே வரும் வண்டிகளில் சந்து பார்த்துக்கொண்டே திரும்புகிற டிரைவருக்கு, கோட்டின்மேல் நடந்து வருகிறவன் கண்ணில் படுவதில்லை. வண்டியின் முன்கம்பமும் மறைத்துவிடுகிறது. ஆகவே கோட்டில் ஒழுங்காக, விளக்கைப் பார்த்து நடந்தவனும் அடிபட்டுச் சாகின்றான்! பட்டிக்காட்டு நடைதான் சாவுக்குக் காரணம் என்று அத்தனை வருஷம் சொல்லி வந்தார்களே, அவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

இதற்குப் பரிகாரமும் புத்தியிலிருந்தே வந்தது. வண்டிகளுக்குப் பச்சை எரிவதற்குச் சுமார் 7 விநாடி முன்னதாகவே நடப்பவர்களுக்கு விளக்கை எரியவிட்டார்கள். ஏழு விநாடியில் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். அதற்குள் நடப்பவன் நடுவீதிக்கு வந்துவிடுகிறான். திரும்ப வரும் டிரைவருக்கு நேர் எதிரே, மறைவில்லாமல், நிற்கிறான். செலவும் அதிகமில்லை, நேரக் கணக்கில் ஒரு மாறுதல். இதைப்போல் ஆயிரக்கணக்கான முனைகளில் செய்திருக்கிறார்கள்.

அடுத்தது வேகம். 2014 நவம்பரில் நகரம் முழுவதற்கும், வேறு பலகை இல்லாத இடங்களில், 30 மைல் வேகத்தை 25 மைலாகக் குறைத்தார்கள். ஐந்து மைலில் என்ன வந்துவிட்டது என்று மோட்டார்க்காரர்கள் கூச்சலிட்டார்கள். வேகம் இரண்டு பங்கானால் மோதும் பலம் நாலு பங்கு ஆகும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். அந்தக் கணக்குப்படி 30 மைலில் வரும் வண்டியின் மோதும் பலம், 25 மைலில் வருவதைவிட 100-க்கு 44 அதிகம். அந்த 44-தான் ஒருவன் கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடப்பதற்கும், சுடுகாட்டுக்குப் போவதற்கும் நடுவில் நிற்பது. தோழர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1923-ல் சின்சினாட்டி ஜனங்கள் கேட்டதும் இதே 25 மைல்தான். 91 வருஷம் கழித்து நியூயார்க் அதே எண்ணுக்கு வந்து சேர்ந்தது. நடுவில் செத்தவர்களின் கணக்கை யார் யாரிடம் கேட்பது?

டைம்ஸ் சதுக்கம் என்ற இடம் உலகத்திலேயே ஜனக்கூட்டத்திற்குப் பேர் பெற்றது. 2009-ல் அங்கே பிராட்வே வீதியின் ஒரு பகுதியில் மோட்டாரே வரக்கூடாது என்று அடைத்துவிட்டு, நடுரோட்டில் நாற்காலிகளைப் போட்டார்கள். போக்குவரத்து இலாகாவின் தலைவராயிருந்த ஜேனட் சாதிக்-கான் என்னும் அம்மையாருக்கு அப்போது கிடைத்த வசவுகள் கொஞ்சமல்ல. வியாபாரம் நாசமாகும், ஊரே ஸ்தம்பித்துவிடும் என்றெல்லாம் ஜோசியம் சொன்னார்கள். மறுவருஷம் கணக்கெடுத்துப் பார்த்ததில் நடப்பவர்களுக்குக் காயம் 100-க்கு 35-ம், வண்டியில் போகிறவர்களுக்குக் காயம் 100-க்கு 63-ம் குறைந்திருந்தன. அதாவது மோட்டாரை நிறுத்தியதால் மோட்டாரில் போகிறவனுக்கே அதிக நன்மை! பிறகு அது நிரந்தரமாகவே ஆக்கப்பட்டுவிட்டது.

குயின்ஸ் பவுல்வார்டு என்று மற்றொரு ரஸ்தா. சில இடங்களில் 300 அடி அகலம். 1997 ஒரே வருஷத்தில் 18 பாதசாரிகள் அதில் மாண்டார்கள். முதலில் என்ன செய்தார்கள் தெரியுமா? இங்கே நடந்து வந்த ஒருவர் கொல்லப்பட்டார், ஜாக்கிரதை என்று பலகை நட்டார்கள். நம்மூரில் முனீஸ்வரன் கல் நடுவார்கள், அங்கே பலகை. பிறகு புத்தி வந்து, 2015 முதல் ரஸ்தாவின் அமைப்பையே மாற்றினார்கள். அதன் பிறகு 2017 முடிய மூன்று வருஷம் அங்கே நடந்தவரோ சைக்கிளில் போனவரோ ஒருவரும் சாகவில்லை. ஜனங்கள் அதே ஜனங்கள்தான். டிரைவர்களும் அதே டிரைவர்கள்தான். அவர்கள் தலையெழுத்து மூன்று வருஷத்திற்கு அழிந்துபோயிற்றா?

நகரம் பூராவும் 1990-ல் எழுநூறு பேர் வரை வீதியில் மாண்டார்கள். 2013-ல் அது 299. சாவே இல்லாமல் ஆக்குவோம் என்று ஸ்வீடன் தேசம் 1997-ல் கைக்கொண்ட திட்டத்தை 2014-ல் நியூயார்க் எடுத்துக்கொண்ட பின்பு, 2018-ல் அது 200-க்குச் சற்று மேலாக இறங்கிற்று. ஆனால் 2020-க்குப் பிறகு மறுபடியும் ஏறிற்று என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடங்களுக்குப் பக்கத்தில் வைத்த வேகக் காமிராக்கள் ராத்திரியிலும், சனி ஞாயிறுகளிலும் வேலை செய்யக்கூடாது என்று மாகாண சட்டசபை 2022 ஆகஸ்டு வரையில் ஒரு விதி வைத்திருந்தது! காலன் மாத்திரம் ஆபீஸ் நேரத்தில்தான் வருவான் என்று அந்தப் பெரிய மனிதர்களுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை.

2013-ல் புரூக்ளினில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் வண்டி மோதி மாண்டான். அவன் தாய் அழுதுகொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. கடவுள் சித்தம் என்றும் சொல்லவில்லை. அவனைப்போலவே பிள்ளைகளையும் புருஷனையும் பெற்றோரையும் பறிகொடுத்தவர்களைச் சேர்த்துக்கொண்டு சட்டசபையின் வாசலுக்கு வருஷா வருஷம் போனார். ஊர்தோறும் வேகத்தை 20 மைலாகக் குறைத்துக்கொள்ள நகரத்திற்கு அதிகாரம் கொடுக்கும் சட்டம், அந்தச் சிறுவன் பெயராலேயே, 2024-ல் நிறைவேறிற்று. பத்து வருஷத்திற்கு மேல் ஆயிற்று. உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் மோட்டாரில் வந்தவர்கள் அல்லவா?

சில தோழர்கள், அபராதத்தை எடுத்துவிட்டால் ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஓடமாட்டார்களா என்று கேட்பார்கள். நியூயார்க்கிலும் இதைக் கேட்டார்கள். கோடில்லாத இடத்தில் கடக்கிறவன், வண்டிக்கு வழிவிட்டுத்தான் கடக்க வேண்டும் என்பதை அந்தப் புதுச் சட்டமும் சொல்லியிருக்கிறது. அன்றியும், கைக்குழந்தையோடு வீதியோரத்தில் நிற்கும் தாய், 250 டாலருக்குப் பயந்துதானா இரண்டு பக்கமும் பார்க்கிறாள்? சட்டத்தை எடுத்ததினாலேயே சாவு குறைந்துவிடும் என்று நாமும் சொல்லவில்லை. சாவைக் குறைப்பது ரஸ்தாவின் அமைப்பும் வேகமும். சட்டத்தை எடுத்ததால் குறைந்தது ஒரு அவமானம். அது குறைந்ததே போதும் என்றுதான் சொல்லுகிறோம். இதைப் படித்துவிட்டு யாரும் லாரிக்கு முன்னால் போய்ச் சுயமரியாதையைக் காட்ட வேண்டாம்.

நம் நாட்டுக்கு வருவோம். 2022-ம் வருஷத்தில் இந்தியாவில் ரோட்டு விபத்துக்களில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் 32,825 பேர். தமிழ்நாட்டில் மாத்திரம் மொத்தம் 17,884 பேர். கோட்டில் நடப்பவனுக்கு வண்டி வழிவிட வேண்டும் என்று 2017-லேயே மத்திய சர்க்கார் விதி செய்திருக்கிறது. எத்தனை டிரைவர்களுக்கு இது தெரியும்? தெரிந்தவர்களில் எத்தனை பேர் நிறுத்துகிறார்கள்? கோயமுத்தூரைச் சேர்ந்த ஒரு எலும்பு வைத்தியர், ஒடிந்து வந்தவர்களுக்குக் கட்டுப்போட்டே அலுத்துப்போய் 2012-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அந்த வழக்கில் 2025 மே மாதத்தில், தடையில்லாத நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு சொல்லும் உயிர் வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று கோர்ட்டார் சொல்லியிருக்கிறார்கள். நடைபாதையில் டிரான்ஸ்பார்மரும், பெட்டிக்கடையும், கட்சிக் கொடிக்கம்பமும் கோர்ட்டார் சொன்னதைக் கேட்டு நகர்ந்துவிட்டனவா என்பதை வாசகர்களே தங்கள் வாசலில் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

நம்மவர்கள் செய்யும் பாதுகாப்பு என்ன? புது வண்டி வாங்கியவுடன் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம். பம்பரில் மிளகாய்க் கயிறு. ஆயுதபூஜைக்கு நடுரோட்டில் பூசணிக்காயை உடைத்து, அதில் சறுக்கிச் சைக்கிள்காரனும் மோட்டார் சைக்கிள்காரனும் விழுவது வருஷந்தோறும் நடக்கிறது. பாதுகாப்புக்கு உடைத்த பூசணிக்காயே விபத்துக்குக் காரணம்! எலுமிச்சம்பழம் பிரேக்குக்குப் பதிலாகுமா என்று மோட்டார் கம்பெனிக்காரனைக் கேட்டால், வாங்குகிறவன் மனம் கோணாமல் இருக்க அவனே இரண்டு பழம் எடுத்துக் கொடுப்பான்.

நமக்குத் தெரிந்த ஒரு ஊர், பெயர் வேண்டாம். யாத்திரைக்காரர்கள் நிறைய வரும் ஊர். பஸ் நிலையத்திலிருந்து கோயில் தெருவுக்குப் போகும் முனையில் ஆறேழு வருஷத்திற்குள் ஐந்து பேர் மாண்டார்கள். ஐந்தாவதாக மாண்டது ஒரு பள்ளிக்கூடத்துப் பெண். ஊரார் கூடினார்கள். நாமும் போயிருந்தோம். கோடு போடச் சொல்லுவோம், வேகத்தடை கேட்போம் என்றோம். காத்துக் கருப்பு இருக்கிறது என்றார் ஒரு பெரியவர். வசூல் செய்து அந்த முனையில் ஒரு சிறு கோயிலைக் கட்டிவிட்டார்கள். எங்கே கட்டினார்கள் என்றால், இருந்த கொஞ்சம் நடைபாதையின் மேலேயே கட்டினார்கள். இப்போது அந்த இடத்தில் நடந்து வருகிறவர்கள் எல்லாம் கோயிலைச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்குள் இறங்கித்தான் நடக்க வேண்டும். பஸ் டிரைவர்கள் அந்த இடத்தில் ஒரு கையை எடுத்துக் கும்பிட்டுக்கொண்டே திருப்புகிறார்கள்.

சென்ற வருஷம் அம்முனைக்கு விளக்கு வந்தது. நமக்குச் சந்தோஷந்தான். நாமும் இரண்டு வாலிபத் தோழர்களும் ஒரு நாள் கயிறு எடுத்துக்கொண்டு போய் அளந்தோம். ரோட்டின் அகலம் 42 அடி. நடப்பவர்களுக்கு எரியும் நேரம் 12 விநாடி. விநாடிக்கு மூன்றரை அடி நடக்கிறவனுக்கு அது கணக்காகச் சரியாய்ப் போகும். திடகாத்திரமான ஆளை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். கீரைக்கூடை எடுத்துக்கொண்டு தினமும் அந்த வழியாய் வரும் ஒரு பாட்டியம்மாளை நிறுத்தி, "ஆத்தா, வழக்கம்போல் நடந்து போ, நாங்கள் பார்க்கிறோம்" என்று சொல்லிக் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றோம். 19 விநாடி ஆயிற்று. கடைசி ஏழு விநாடியும் அந்த அம்மாள் நடுரோட்டில் கையை உயர்த்திக்கொண்டே போனார்; ஒரு லாரிக்காரன் என்ன திட்டினான் என்பதை இங்கே எழுத முடியாது. நியூயார்க்கிலே வயோதிகர்கள் அதிகமாக நடக்கும் இடங்களுக்கு 2008 முதல் தனியாக ஒரு திட்டம் வைத்து, விளக்கின் நேரத்தைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த 19 விநாடியையும், 42 அடியையும், கயிற்றைப் பிடித்த மூன்று பேருடைய கையெழுத்தையும் வைத்து அவ்வூர் உத்தியோகஸ்தருக்கு ஒரு மகஜர் அனுப்பினோம். பதில் இல்லை. நேரில் போனோம். "கிழவிகளை யார் அந்த நேரத்தில் வெளியே வரச் சொன்னது?" என்று கேட்டார். கீரை வெயில் ஏறினால் வாடிவிடும் என்று சொன்னோம். மறுபடியும் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். எழுதிக் கொடுத்திருக்கிறோம்; இம்முறை பாட்டியம்மாளின் கைரேகையும் அதில் இருக்கிறது.